மழலையர் வகுப்பு: குடும்பங்களிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது?

தளிர்மதி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. பள்ளி திறக்குமுன் குடும்பங்களுக்கு ஓர் அறிமுகக் கூட்டம் வைக்கிறோம். கையேடு ஒன்றும் இருக்கிறது. ‘பிள்ளை தன் வேலைகளைத் தானே செய்யப் பழகியிருக்க வேண்டும்’, ‘வகுப்பு ஒழுங்குக்கு ஒத்துழைக்க வேண்டும்’ என்ற மாதிரி வரிகள் அதில் உண்டு. எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் முதல் நாள் வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, நாம் சொல்லும் விதத்தில்தான் என்று நினைக்கிறேன். எதை எழுதிக் கொடுக்கலாம், எதைச் செய்து காட்ட வேண்டும், எதைப் பள்ளி திறந்த பிறகு சொன்னால் போதும்? இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கரும்பலகை

மதி, அந்த இரண்டு வரிகளையும் முதலில் நீக்கிவிடுங்கள். ‘தானே செய்ய வேண்டும்’ என்றால் ஒரு வீட்டில் தானே குளிப்பது, இன்னொரு வீட்டில் தானே எழுதுவது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள்: பையைக் கொக்கியில் மாட்டுவான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடித்து, மூடுவான். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வான், அல்லது சைகை காட்டுவான். கால்சட்டையை இறக்கி ஏற்றுவான். ‘செருப்பைக் கழற்று, பாயில் உட்கார்’ என்று இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் இரண்டையும் செய்வான். பள்ளி திறப்பதற்கு முன் இந்த ஐந்தும் போதும். எழுத்தும் எண்ணும் இந்தப் பட்டியலில் வர வேண்டாம். சேர்த்தால் குடும்பங்கள் அதை மட்டுமே பிடித்துக்கொள்வார்கள், பாட்டில் மூடியை மறந்துவிடுவார்கள்.

அடுத்தது, ஒரு நாளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இடப்பக்கம் நேரம், நடுவில் பிள்ளை என்ன செய்கிறது, வலப்பக்கம் அதற்கு வீட்டில் என்ன செய்ய வேண்டும். வருகை, பை மாட்டுவது, கை கழுவுவது, விருப்ப விளையாட்டு, வட்டமாக உட்காரும் நேரம் (10 முதல் 15 நிமிடம், இந்த வயதில் அதற்கு மேல் நீட்டக்கூடாது), சிறு குழு வேலை, சாப்பாடு, வெளி விளையாட்டு, ஓய்வு, கதை, புறப்பாடு. இந்த வரிசை குடும்பங்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நான்கு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டரை மணி தெரியாது, ‘கதை முடிந்ததும்’ என்பது தெரியும். ‘சீக்கிரம் வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை அந்த நொடியிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். ‘கதை சொல்லி முடிச்சதும் வருவேன்’ என்றால் நாள் முழுக்க நடப்பவை எல்லாம் அந்தக் கதையை நோக்கி நகர்கின்றன. சொன்னபடி அந்த நேரத்துக்கு வந்து நிற்கவும் வேண்டும், முதல் இரண்டு வாரமாவது.

தாமதத்தையும் இந்தப் பக்கத்திலேயே விளக்கிவிடலாம். பத்து நிமிடம் பிந்தினால் பாடம் ஒன்றும் போய்விடாது. ஆனால் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்த பிறகு ஒரு பிள்ளை மட்டும் உள்ளே வருகிறது, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூச்சமுள்ள பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். காரணத்தைச் சொன்னால் நேரத்துக்கு வருகிறார்கள். ‘தாமதம் அனுமதிக்கப்படாது’ என்ற பலகைக்கு அந்த வலு இல்லை.

அடுப்படி

சாப்பாட்டு டப்பா பத்தி யாரும் பேசலையே. முதல் வாரம் வகுப்புல அதிக நேரம் விழுங்குறது அதுதான்.

சாப்பாட்டு நேரம் 20 நிமிஷம்னு வைங்க. வகுப்புல 20 பிள்ளை. ஒவ்வொரு டப்பாவையும் திறந்து குடுக்க அரை நிமிஷம்னாலும் பத்து நிமிஷம் அதுலயே போச்சு. கடைசிப் பிள்ளைக்கு மிச்சம் பாதி நேரம். அதனால கூட்டத்துக்கு வர்றப்பவே டப்பா, பாட்டில் ரெண்டையும் கொண்டுவரச் சொல்லுங்க. பிள்ளை தரையில உட்கார்ந்து, யாரும் கை வைக்காம, அஞ்சு தடவை திறந்து மூடட்டும். முடியலைன்னா வேற டப்பா மாத்துறதுக்கு இன்னும் நாள் இருக்கு.

வீட்டுல நல்லா திறக்குற டப்பா பள்ளியில திறக்காமப் போறதுக்கு ஒரு காரணம் உண்டு. சுடச்சுடப் போட்டு ரப்பர் வளையம் வச்ச மூடியை அழுத்தி மூடுறோம். ஆறினதும் உள்ளே காத்தழுத்தம் குறைஞ்சு மூடி உள்ளே இழுத்துப் பிடிச்சுக்கும். பெரியவங்களுக்கே கஷ்டம். ஆவி போனதும் மூடணும், இல்லைன்னா மேலே சின்னக் காத்துத் திறப்பு இருக்குற டப்பா வாங்கணும்.

அளவு: வீட்டுல சாப்பிடுறதுல முக்கால் பங்கு போதும். நிறைஞ்ச டப்பாவைப் பார்த்ததும் சில பிள்ளைங்க தொடவே மாட்டாங்க. பள்ளி திறக்குமுன்ன மூணு நாலு வேளையாவது அதே டப்பாவுல, டிவி, போன் இல்லாம, ஊட்டி விடாம, 20 நிமிஷத்துக்குள்ள சாப்பிட்டுப் பழகட்டும். உருண்டையான சின்னப் பழத்தை நீளவாக்குல நாலா வெட்டி வைங்க. முழுக் கொட்டைப் பருப்பு வகை அஞ்சு வயசு வரைக்கும் வேண்டாம், மூச்சுக்குழாய்ல அடைச்சுக்கும். ஒவ்வாமை இருந்தா வாசல்ல வாயால சொல்லிட்டுப் போகக்கூடாது. எதுக்கு ஒவ்வாது, சாப்பிட்டா என்ன ஆகும், என்ன மருந்து, யாரைக் கூப்பிடணும், நாலும் எழுத்துல இருக்கணும்.

நடைவாசல்

அடுப்படி அக்கா சொன்னது சரி. இருந்தாலும் கூட்டத்தில் பெற்றோர் கேட்கப் போகும் முதல் கேள்வி இதுதான்: அழுதால் என்ன செய்வது? முதல் வாரம் முழுக்க அம்மாவோ அப்பாவோ வகுப்பிலேயே உட்காரட்டும் என்பது என் கருத்து.

மணிவாசகி

உட்காரலாம், ஆனால் ஒரு முடிவு நாள் குறித்துக்கொண்டு. ‘பழகும் வரை’ என்று விட்டால் அந்த நாள் வராது. பெற்றோர் அறையில் இருக்கும் வரை பிள்ளைக்கு ஆசிரியரிடம் போகத் தேவையே இல்லை. தண்ணீருக்கும் அம்மா, கழிப்பறைக்கும் அம்மா. முதல் நாள் ஒரு மணி நேரம், பெற்றோர் உள்ளே. இரண்டாம் நாள் ஒரு மணி நேரம், அதில் 15 நிமிடம் பெற்றோர் சொல்லிவிட்டு வெளியே. மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம், பெற்றோர் வாசலோடு விடைபெறுவார். நான்காம் நாள் சாப்பாடு வரை. அடுத்த வாரம் முழு நாள். இப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் பெற்றோருக்கும் மனம் தயாராகும்.

விடைபெறுவதைக் கூட்டத்தில் நடித்தே காட்டுங்கள். கட்டிப்பிடி, ஒரே வாக்கியம், ஒரே இடத்திலிருந்து கையசைப்பு, நடை. மொத்தம் ஒரு நிமிடத்துக்குள். எந்த வாக்கியம் என்பதை வீட்டில் முடிவுசெய்து தினமும் அதையே சொல்ல வேண்டும். பிள்ளையை ஆசிரியர் கையில் ஒப்படைத்த பிறகே நகர வேண்டும், ஆசிரியரும் உடனே ஒரு வேலை தர வேண்டும்: தன் பெயர் அட்டையை எடுத்துப் பலகையில் ஒட்டுவது போல.

தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பிள்ளை பொம்மையில் மூழ்கியதும் சொல்லாமல் நழுவுவது. அன்றைக்கு அழுகை இல்லாமல் முடிந்த மாதிரி தெரியும். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் பொம்மை பக்கமே போகாது, சேலையை விடாது. இரண்டாவது, கிளம்பிய பிறகு அழுகை கேட்டுத் திரும்பி வருவது. ஒரு தடவை திரும்பினால் அழுதால் வருவார்கள் என்று ஆகிவிடும். பெரும்பாலான பிள்ளைகள் சில நிமிடங்களில் அடங்கிவிடுவார்கள். அதைப் பெற்றோர் பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். அதனால் 20 நிமிடத்துக்குள் ‘மணலில் விளையாடுகிறாள்’ என்று ஒரு வரி அனுப்பும் பொறுப்பைப் பள்ளி ஏற்றுக்கொள்ள வேண்டும். இது சலுகை இல்லை, அந்த முதல் வாரத்தின் வேலையிலேயே ஒரு பகுதி. அடங்கவில்லை என்றால் அதையும் உள்ளபடி எழுத வேண்டும். பொய் ஒருமுறை தெரிந்தால் பிறகு எதையும் நம்ப மாட்டார்கள்.

பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: முதல் வாரம் சிரித்துக்கொண்டே வந்த பிள்ளை இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அழ ஆரம்பிக்கலாம். புதுமை தீர்ந்து, இது தினமும் உண்டு என்று அப்போதுதான் புரிகிறது. நீண்ட விடுமுறைக்கும் காய்ச்சலுக்கும் பிறகும் இதே நடக்கும். முன்பே தெரிந்தால் ‘பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது’ என்று பதற மாட்டார்கள். ஆறு வாரம் கடந்தும் குறையவில்லை, அல்லது நன்றாக இருந்த பிள்ளை திடீரென ஓர் ஆளைக் கண்டோ ஓர் இடத்தைக் கண்டோ பயப்படுகிறது என்றால் அது வேறு. காத்திருக்காமல் உட்கார்ந்து பேச வேண்டும்.

அழாமல் வந்தால் பரிசு என்ற பேச்சே வேண்டாம். அழுகை பிள்ளை கைவசம் இல்லாத விஷயம். அதற்குப் பரிசு வைத்தால், அழுத நாளில் தோற்ற உணர்வு கூடுதலாகச் சேரும்.

நடைவாசல்

முடிவு நாள் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்தில் அது விடுபட்டிருந்தது.

இரட்டைவேலை

மணிவாசகி அம்மா சொன்ன அட்டவணை அருமை, ஆனால் நான்கு நாள் விடுப்பு எடுக்க எல்லோராலும் ஆகாது. தேதிகளை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். வரிசையாக நான்கு நாள் முடியாதவர்களுக்கு, பள்ளி திறக்குமுன் மாலையில் இரண்டு தடவை அரை மணி நேரம் வெற்று வகுப்பறையைக் காட்டினாலும் உதவும்: கொக்கி, கழிப்பறை, பாய், ஆசிரியர் முகம்.

இன்னொன்று. செய்தி எல்லாம் அம்மாவின் போனுக்குப் போகிறது. வாசலில் வந்து நிற்பவரோ தாத்தா. அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சேர்க்கைப் படிவத்தில் நான்கு கேள்வி சேர்த்துவிடுங்கள்: காலையில் கொண்டுவிடுபவர் யார், மாலையில் அழைத்துப்போபவர் யார், எந்த மொழியில் செய்தி வேண்டும், தாளா குரல் செய்தியா. எழுத்துப் படிக்கச் சிரமப்படுபவர் அதை வெளியே சொல்ல மாட்டார். குரல் செய்தி வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்டால் யாருக்கும் சங்கடமில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் செய்தி, ஒரு செய்திக்கு ஒரே விஷயம். கூட்டத்துக்கும் அம்மா, அப்பா என்று பெயர் போடாமல், பிள்ளையைக் கொண்டுவிடுபவர் கட்டாயம் வர வேண்டும் என்று அழையுங்கள்.

விரல்வித்தை (செயல்முறைச் சிகிச்சையாளர்)

கழிப்பறை பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பலர் வெட்கப்பட்டு விட்டுவிடுவது இது.

முதலில் உடை. இடுப்பில் எலாஸ்டிக். பெல்ட், கொக்கி, பின்பக்க பட்டன், தோளில் மாட்டும் பட்டை, எதுவும் வேண்டாம். இந்த வயதில் விளையாட்டில் மூழ்கியிருந்தால் கடைசி நிமிடத்தில்தான் ஓடுவார்கள். கொக்கியைத் தேடும் நேரத்தில் நனைந்துவிடும். வீட்டில் நின்றபடி எட்டுப் பத்துத் தடவை இறக்கி ஏற்றும் பயிற்சி கொடுங்கள். பின்பக்கம் உள்ளாடை சுருண்டு சிக்கிக்கொள்ளும். இரண்டு கட்டை விரலையும் இடுப்புப் பட்டைக்குள் விட்டுப் பின்னாலிருந்து இழுக்கச் சொல்லிக்கொடுத்தால் சரியாகும்.

பள்ளிக் கழிப்பறை எப்படிப்பட்டது என்பதைக் குடும்பம் கண்ணால் பார்க்க வேண்டும். உட்காரும் விதம், தண்ணீரா தாளா, தாழ்ப்பாள், ஃபிளஷ் சத்தம். வீட்டில் ஒன்று, பள்ளியில் வேறு என்றால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அடக்குவதற்காகத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் உண்டு, மாலையில் பாட்டில் நிறைந்தபடி வருவது அதற்கு ஓர் அறிகுறி. மலத்தை அடக்கினால் இறுகும், வலிக்கும், வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். பிறகு இறுகியதன் ஓரமாக இளகியது கசிந்து உள்ளாடையில் படும். அது அலட்சியம் என்று திட்டு வாங்குகிற பிள்ளைகள் பலர். திட்டக்கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலையில் சாப்பிட்ட பிறகு ஐந்து பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காரும் வழக்கம் இருந்தால் பள்ளியில் அந்தத் தேவையே பெரும்பாலும் வராது. அதற்காக 20 நிமிடம் முன்னதாக எழுப்ப வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுங்கள், தொற்றைத் தவிர்க்க.

மாற்றுடை இரண்டு செட், உள்ளாடையும் காலுறையும் சேர்த்து, ஜிப் வைத்த உறையில், ஒவ்வொன்றிலும் பெயர். ஈரத் துணிக்கு ஒரு காலி உறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்து மாற்றச் சொல்லுங்கள். தேவைப்படும் நாளில் உடை சிறுத்துப்போயிருப்பது வழக்கம்.

செருப்பு இடம் வலம் மாறுவதற்கு: ஒரு படத்தை நடுவில் வெட்டி, பாதியை இடது செருப்பின் உள்ளடியிலும் மீதியை வலதிலும் ஒட்டுங்கள். பக்கத்தில் சேர்த்து வைத்தால் படம் முழுதாகும். லேஸ் வேண்டாம், வெல்க்ரோ போதும்.

சிலேட்டு

எல்லாம் சரி. கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘அப்போ எழுத எப்போ சொல்லித் தருவீங்க, விளையாட்டுதானா?’ என்பார். அந்தக் கவலை நியாயமானது. அதற்கு என்ன பதில்?

கரும்பலகை

விளையாட்டைச் சேர்த்தது நம் காலத்துப் புது மோகம் இல்லை. 1840இல் ஜெர்மனியில் ஃபிரெட்ரிக் ஃப்ரோபல் இந்த வகைப் பள்ளிக்குப் பெயர் சூட்டியபோதே மரக் கட்டைகளும் பந்துகளும்தான் பாடப் பொருள்கள். ஆனால் வரலாறு சொல்லி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. செய்து காட்டுங்கள்.

20 வரை தடையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் ஒரு குவளை நிறைய ஸ்பூன் வைத்து, ‘அஞ்சு எடுத்துக் குடு’ என்று கேட்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் கைநிறைய அள்ளித் தருவார்கள். சிலர் ஒன்று, இரண்டு என்று சரியாக எண்ணுவார்கள், ஐந்தில் நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. தட்டு வைப்பது, கட்டை அடுக்குவது, ஆளுக்கொன்று பங்கிடுவது, இதில்தான் அது பிடிபடும். பலகையில் எழுதிய எண்ணைப் பத்துத் தடவை பார்த்து எழுதுவதில் பிடிபடாது. பெற்றோர் இதை வீட்டில் ஒரு தடவை செய்துபார்த்தால் போதும், கேள்வியே மாறிவிடும்.

விரல்வித்தை

எழுத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். பிள்ளைகள் வட்டத்தை ஏறக்குறைய மூன்று வயதிலும், கூட்டல் குறியை நான்கிலும், சதுரத்தை நான்கரையிலும், முக்கோணத்தை ஐந்திலும் பார்த்து வரைவார்கள். குறுக்குக் கோடும் சாய்கோடும் கைவராத பிள்ளைக்கு எழுத்து வெறும் வதை. பென்சிலை முழுக் கையால் பிடித்தால் விரலைப் பிடித்துத் திருத்தாதீர்கள். கிரேயானை மூன்று சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். உள்ளங்கையில் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனிகள் தாமே சேரும். சுவரில் ஒட்டிய தாளில் வரையவிட்டால் மணிக்கட்டுக்கு வலு வரும். கண்ணாடியில் தெரிவது போல எழுத்தைத் திருப்பி எழுதுவது ஏழு வயது வரை பரவலாக உண்டு. அதற்காக இப்போதே பயப்பட வேண்டாம்.

வீட்டுப் பாடம் என்று ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு: தினமும் 10, 15 நிமிடம் மடியில் வைத்துக் கதைப் புத்தகம் வாசிப்பது. வேறொன்றும் வேண்டாம்.

இருமொழி

வகுப்பு மொழியும் வீட்டு மொழியும் வேறாக இருக்கும் குடும்பங்களை மறந்துவிடாதீர்கள். அவர்களிடம் ‘வீட்டிலும் பள்ளி மொழியிலேயே பேசுங்கள்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பெற்றோர் தமக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசினால் பேச்சே சுருங்கிவிடும்: வா, போ, சாப்பிடு. கதையும் காரணமும் கேள்வியும் தாய்மொழியில்தான் தாராளமாக வரும், அங்கே வளர்ந்தது இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும்.

புது மொழி வகுப்பில் பிள்ளை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், வாயே திறக்காமல் இருப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொன்னதைச் செய்கிறதா, மற்றவர்களோடு விளையாடுகிறதா, வீட்டில் தன் மொழியில் வழக்கம்போலப் பேசுகிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் பொறுக்கலாம். வீட்டிலும் பேச்சு குறைந்தாலோ கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ செவித்திறனைச் சோதிக்க வேண்டும். ஆசிரியர் அந்த வீட்டு மொழியில் ஆறு சொல்லாவது கற்றுக்கொள்ள வேண்டும்: தண்ணீர், கழிப்பறை, வலி, பசி, வேண்டாம், அம்மா வருவார். குடும்பத்தையே ஒலிப்பதிவு செய்து தரச் சொல்லலாம்.

மணிவாசகி

வீடு திரும்பிய பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்த பிள்ளை வீட்டு வாசலில் கால் வைத்ததும் பிஸ்கட் உடைந்ததற்கு அரை மணி நேரம் அழும். பள்ளியில் அடக்கி வைத்ததெல்லாம் பாதுகாப்பான இடத்தில் வெளியே வருகிறது. முதல் அரை மணி நேரம் கேள்வி வேண்டாம். தண்ணீர், சிற்றுண்டி, மடி. ‘இன்னைக்கு என்ன படிச்ச?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’தான் பதில். இரவு படுக்கும்போது, ‘உன் பக்கத்துல யார் உட்கார்ந்தா? வெளியில எதுல ஏறின?’ என்று கேளுங்கள், வாய் திறக்கும்.

தூக்கம்: மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். காலை 6.30க்கு எழ வேண்டும், பகலில் தூங்குவதில்லை என்றால் இரவு 8.30க்குள் தூங்கியிருக்க வேண்டும். 10 மணிக்குத் தூங்கும் பிள்ளையை ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டு நாளுக்கு 15 நிமிடம் முன்னே தள்ளினால் ஒன்றரை மணி நேரத்துக்கு 12 நாள். ஆகவே இதைக் கூட்டத்தில் சொன்னால் பிந்திவிடும், சேர்க்கை அன்றே சொல்லுங்கள்.

இரட்டைவேலை

காய்ச்சல் விதியைக் காரணத்தோடு எழுதுங்கள். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராதிருக்க வேண்டும் என்பது பொது வழக்கம். காலையில் மருந்து கொடுத்து அனுப்பினால் நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வேகம் போய் நடுப்பகலில் காய்ச்சல் திரும்பும், அப்போது பிள்ளை வீட்டிலிருந்து தொலைவில் இருக்கும். வாந்தி, வயிற்றுப்போக்குக்கு 24 மணி நேரமா 48 மணி நேரமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், உங்கள் விதியை எண்ணால் எழுதிவிடுங்கள்.

அழைத்துப்போகும் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க மாட்டோம், சித்தப்பாவே வந்தாலும், பிள்ளையே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும். கோபம் வருமுன் கூட்டத்திலேயே சொன்னால் கோபமே வராது. கடித்தது, அடித்தது நடந்தால் என்ன நடந்தது, என்ன முதலுதவி என்பது சீட்டில் வரும், மற்றப் பிள்ளையின் பெயர் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தளிர்மதி

எல்லோருக்கும் நன்றி. இப்படிப் பிரிக்கிறேன். சேர்க்கை நாளில்: தூக்கம், உடை, டப்பா, நான்கு கேள்விப் படிவம், படிப்படியான தொடக்கத் தேதிகள். கூட்டத்தில்: டப்பா திறப்பு, விடைபெறும் ஒத்திகை, கழிப்பறைச் சுற்று, ஸ்பூன் எண்ணிக்கை, பட்டியல் விதி, காய்ச்சல் விதி, ஒருநாள் பக்கம். முதல் வார முடிவில் குரல் செய்தியாக: வீட்டில் வரும் அழுகை, இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கக்கூடிய அழுகை. எழுத்துப் பற்றிய விளக்கம் ஒரு மாதம் கழித்து. ஒன்றரை மணி நேரக் கூட்டம் போதுமா?

கரும்பலகை

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் விதியைத் தாளில் விடுங்கள், வாசித்துக் காட்டத் தேவையில்லை. எழுத்து விளக்கத்தை ஒரு மாதம் தள்ளாதீர்கள். சிலேட்டு கேட்ட கேள்வி அன்றைக்கே வரும், ஸ்பூன் சோதனையோடு சேர்த்து ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கடைசி 15 நிமிடம் தனியாகக் கேட்க நினைப்பவர்களுக்கு. படுக்கையில் சிறுநீர் போவது, வீட்டில் பிரிவு, பேச்சுத் தாமதம், இவற்றை யாரும் எல்லோர் முன்னும் கேட்க மாட்டார்கள்.

அடுப்படி

டப்பாவை திறந்து பார்க்கப் பிள்ளைங்களும் வருவாங்கல்ல? அவங்களை அங்கேயே வச்சுக்கிட்டு பெரியவங்க பேச்சு ஒரு வார்த்தை நடக்காது. முதல் 15 நிமிஷம் டப்பா, கழிப்பறைச் சுற்று எல்லாம் பிள்ளைங்களோட. அப்புறம் அவங்களை ரெண்டு பேர் பக்கத்து அறைக்குக் கூட்டிட்டுப் போகட்டும், நடுவுல கதவு திறந்தே இருக்கணும். வர மாட்டேன்னு ஒட்டிக்கிற பிள்ளை பெரியவங்க மடியிலேயே இருக்கட்டும். அன்னைக்கே யாரையும் பிரிச்சு அழ வச்சுடாதீங்க.